மழை நாளின் அளவுகள்

அக்காவின் கள நோட்டில் ஒரு சொட்டு ரப்பர் பால் கறைகூட இல்லை. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. பூதப்பாண்டியிலிருந்து பேருந்தில் வந்து எங்கள் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர் அவர். அவருடைய நெறியாளரிடமே ஒரு வருடம் பிந்தி ஆய்வுக்குச் சேர்ந்தவள் நான். கீரிப்பாறை மலையின் ரப்பர் தோட்டத்தில் குறிப்பிட்ட சில மரங்கள் நாள்தோறும் எவ்வளவு பால் தருகின்றன என்று அளப்பது அவருடைய ஆய்வு. நோட்டில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. எல்லாப் பக்கங்களிலும் ஒரே நீல மை, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. மரத்தடியில் நின்று எழுதியதுபோல் இல்லை. மேசையில் உட்கார்ந்து எழுதியதுபோல் இருந்தது.

யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் மலைக்குப் போனேன். பால் வெட்டும் அம்மா ஒருவரிடம் ஐப்பசி மழையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "மழையில எப்படி மக்கா பால் வெட்டுவோம்? அந்த ஒம்பது நாளும் தோட்டத்துக்கு ஆரும் போவல்ல" என்றார். நோட்டில் அந்த ஒன்பது நாட்களுக்கும் அளவு இருந்தது.

அக்காவிடம் நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "விட்டுப்போன நாளுக்கு முன்னையும் பின்னையும் பாத்து நெரப்பிக்கோன்னு சார்தான் சொன்னாங்க. எல்லாரும் செய்யுறதுதானே, இது களவா?" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "இந்த அளவ வச்சு சார் ஜர்னலுக்கு அனுப்பின கட்டுரையில ரெண்டாவது உனக்க பேருல்லா இருக்கு. நீ ஒரு மரத்தையாவது அளந்தியா?"

நான் அளக்கவில்லை. நெறியாளர் என் பெயரைச் சேர்த்தபோது நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டேன். இட்டுக்கட்டிய எண் மட்டுமே பொய் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் இருவரும் நெறியாளர் அறைக்குப் போனோம். ஒன்பது நாட்களையும் அடித்து "அளக்கவில்லை" என்று எழுதிய பக்கங்களை அக்கா அவர் முன் வைத்தார். என் பெயரை எடுத்துவிடுமாறு நான் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப் போச்சா?" என்று கத்தினார் அவர். ஆனாலும் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்.

அக்கா மறுபடி முதலிலிருந்து அளந்தார். பட்டம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. அதற்குள் நான் முடித்துவிட்டேன். அவர் காத்திருந்த உதவிப் பேராசிரியர் வேலை எனக்குக் கிடைத்தது. வாழ்த்துச் சொன்னார், அதன்பின் என்னிடம் பேசவில்லை.

இப்போது நானே நெறியாளர். மாணவர்களின் அட்டவணை அளவுக்குமீறி ஒழுங்காயிருந்தால் குடைந்து கேட்கிறேன். ஆனால் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அன்று எதற்காக மலையேறினாய்? உண்மைக்காக என்றுதான் சொல்வேன். அந்த வேலை காலியாகப்போகிறது என்பது அன்றே எனக்குத் தெரியும்.