ஆண்டிச்சாமியின் கட்டைவிரல்

வெள்ளைத்துரையின் வண்டி வரும் சத்தம் ஆண்டிச்சாமிக்கு டீக்கடையிலேயே கேட்டுவிட்டது. வேலை வருகிறது என்று தெரிந்தால் மற்ற மெக்கானிக்குகள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போவார்கள். அவர் இன்னொரு டீ சொன்னார்.

ஆடி மாதத்திலிருந்து இது நாலாவது தடவை. அதே வண்டி, அதே பின்பக்க இடது சக்கரம், அதே ஒழுகல்.

ஆண்டிச்சாமிக்கு வயது ஐம்பத்தெட்டு. முழங்கால்களுக்கு மட்டும் எழுபதுக்கு மேல் இருக்கும். எட்டாம் வகுப்பில் வாத்தியார் அவரை வெளியே நிற்கச் சொன்னார். நின்றவர் அப்படியே நடந்து போய் ஒரு டிராக்டர் ஷெட்டில் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. படுத்தே காலம் போய்விட்டது. அவனியாபுரத்தில் அவருடைய ஒர்க்‌ஷாப் என்பது நாலு இரும்புத் தூண், மேலே தகரம், கீழே மண். வண்டிக்கு அடியில் விரிக்க யார் வீட்டுக் காதணி விழாவுக்கோ அடித்த பிளெக்ஸ் பேனர் ஒன்று உண்டு. அதில் கும்பிட்டபடி நிற்கும் பதினான்கு தாய்மாமன்கள் மேல்தான் தினமும் முதுகைச் சாய்ப்பார். இதுவரை ஒருத்தரும் ஆட்சேபிக்கவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் சந்தனத்தைக் குழைத்து, மேலே கொஞ்சம் குங்குமம் சேர்த்து, கட்டைவிரலால் ஒரு பொட்டு வைப்பார். எல்லோரும் போல முன்கண்ணாடியில் அல்ல. எதைச் சரிசெய்தாரோ அதன்மேல், அடியில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் வைப்பார். கேட்டால், "வண்டிக்குத் தெரிஞ்சா போதும்" என்பார்.

வெள்ளைத்துரையின் வண்டி பத்தொன்பது வருஷத்துப் பழைய பிக்கப். நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். அரசாங்க ஏலத்தில் துருப்பிடித்து நின்றதை, "எடு மாப்ள, நான் இருக்கேன்ல" என்று சொல்லி வாங்க வைத்தவரே ஆண்டிச்சாமிதான். போர்வெல் மோட்டார் பழுதானால் அதை மேலே தூக்கி, சரிசெய்து, மறுபடி இறக்குவது வெள்ளைத்துரையின் தொழில். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் டிராக்டரே யோசித்துத்தான் காலை வைக்கும். மற்றவர்கள் வண்டி தார் ரோட்டோடு நின்றுவிடும். இது மட்டும் பைப்பும் மோட்டார் தூக்குகிற முக்காலியும் ஆளுமாக உறுமிக்கொண்டு கிணற்றடி வரைக்கும் போய்விடும். அந்த இரண்டு மாதமும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வெள்ளைத்துரைதான் ராஜா.

இருவருக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. திட்டிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று மாமன் மாப்பிள்ளை ஆகிக்கொண்டார்கள். வெள்ளைத்துரை வண்டியை விட்டு இறங்கும்போதே வசவோடுதான் இறங்குவான். அந்த வியாழக்கிழமை கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

"என்ன மாப்ள, மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

"ரெண்டு திட்டு திட்டிட்டுச் சொல்லுய்யா. நீ இப்பிடிப் பேசுனா எனக்கு வேல ஓடாது."

வெள்ளைத்துரை சிரிக்கவில்லை. "நேத்து வலையங்குளம் தாண்டி ஒரு கண்மாய்க்கரை. பைப்போட ஏத்துனேன். பாதியில நிப்பாட்டலாம்னு மிதிச்சா நிக்கல மாமா. அப்பிடியே பின்னாடி வருது. பாரம் பூராம் பின்னாடி, முன்சக்கரம் பிடிச்சும் பிரயோசனமில்ல. கருப்பு பின்னாடி நடந்து வந்துக்கிட்டிருந்தான்."

கருப்பு அவனிடம் பைப் தூக்குகிறவன். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது.

"குதிச்சுட்டான். வண்டி போயி பனையில முட்டி நின்னுச்சு. ஒரு அடி இங்கிட்டு இருந்திருந்தா..." அவன் கையால் ஒரு அடியை அளந்து காட்டினான். "இன்னைக்கு வேலைக்கு வரல. போன் போட்டா, அந்த வண்டின்னா நான் வரலண்ணேங்குறான்."

பின்பக்க அச்சுக்குள் எண்ணெய் இருக்கும். அது சக்கரத்துப் பக்கம் கசியாமல் ஒரு ரப்பர் வளையம் தடுத்துக்கொண்டிருக்கும்; ஆயில் சீல் என்பார்கள். அது விட்டுப்போனால் எண்ணெய் பிரேக்குக்குள் இறங்கிவிடும். எண்ணெய் குடித்த பிரேக் கல்யாண வீட்டு மச்சான் மாதிரி. மிதித்தால் 'ஆகட்டும்' என்னும், ஒன்றும் ஆகாது. ஆண்டிச்சாமி மூன்று தடவையும் புதுச் சீல் போட்டார். மூன்று தடவையும் "இனி ஒழுகாது" என்றார்.

"இந்தத் தடவ நல்ல சீலா வாங்கி..."

"மூணு தடவயும் நல்ல சீலுதான் மாமா." வெள்ளைத்துரை சாவியை அவர் கையில் வைத்தான். "சனிக்கெழம காலைல பழைய இரும்புக்காரரு வாராரு. பேசிட்டேன். எனக்குப் பெருங்குடியில தண்ணி லாரி ஓட்ட ஆள் கேக்குறாக. இரும்புக்கடை வரைக்கும் இது ஒழுங்கா ஓடணும். அம்புட்டுக்குப் பாத்து வையி. போறேன்."

ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான். ஒரு வசவுகூட இல்லை.

உள்ளதைச் சொன்னால், ஆண்டிச்சாமிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். இந்த வண்டி ஒழிந்தால் பாதி முதுகுவலி ஒழிந்தது. கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் மகள் ஆர்த்திகா, "கடைய மூடிட்டு இங்க வந்துருங்கப்பா" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்வதற்கு, ஒரு தடவையாவது "பாப்போம்" என்று பதில் சொல்லலாம். நிம்மதி ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தது. அப்புறம் தண்ணி லாரிக்குள் வெள்ளைத்துரையை உட்கார வைத்துப் பார்த்தார். வேறொருத்தன் போனில் கூப்பிட்டுத் திட்ட, இவன் "சரிங்கண்ணே, சரிங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் படம் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஓடி வந்த வண்டியை அன்றைக்கே தொடமாட்டார். அடியில் அனலடிக்கும். ஒரு ராத்திரி ஆறவிட்டு மறுநாள்தான் படுப்பார். மூன்று தடவையும் அப்படித்தான் செய்தார். அன்றைக்கு, உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க மாட்டோம் என்று தோன்றியது. அந்த அலுப்பில், சூட்டோடு சூடாகத் தாய்மாமன்கள் மேல் சாய்ந்து, எண்ணெய் அளவு பார்க்கிற போல்ட்டைத் திருகினார்.

புஸ்ஸ்ஸ் என்று சூடான காற்று முகத்தில் அடித்தது.

ஆண்டிச்சாமி ஸ்பேனரைக் கீழே வைத்தார். அச்சு ஓட ஓடச் சூடாகும். உள்ளே இருக்கிற காற்று உப்பும். அது வெளியேற அச்சின் மேல்பக்கம் ஒரு சின்ன மூச்சுக்குழாய் உண்டு. அது திறந்திருந்தால் போல்ட்டைத் திருகும்போது சீறாது. அது அடைத்துக்கொண்டால், காற்று கிடைத்த வழியில் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த வழி, சீல். எவ்வளவு நல்ல சீலாக இருந்தாலும் மூச்சு முட்டுகிறவனைத் தடுத்து நிறுத்த முடியுமா? ஆறின வண்டி இதைக் காட்டிக்கொடுக்காது. ராத்திரியே அடங்கிப்போய், மறுநாள் அப்பாவி மாதிரி கிடக்கும்.

மூச்சுக்குழாய் எங்கே? அவருக்கு ஞாபகம் வந்தது. அது ஒரு முழ நீள ரப்பர் ஹோஸ். ஆடி மாதம், பழைய சீல் தேய்ந்து முதல் தடவை ஒழுகியபோது பார்த்தால், எலி கடித்துக் குதறி வைத்திருந்தது. அதை அறுத்து எறிந்துவிட்டு, விரல்கணு அளவுக்கு மொட்டைக் குழாயை மட்டும் விட்டார். புது ஹோஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பிறகு பார்க்கவே இல்லை.

கையை மேலே விட்டுத் துழாவினார். கண்ணுக்கு எட்டாத இடம். கட்டைவிரல் மட்டும் தேடவேயில்லை. பழகின வீட்டுக்குப் போகிறது போல நேராக ஒரு மேட்டில் போய் உட்கார்ந்தது. கரண்டியால் சுரண்டினார். முகத்தில் பொடி உதிர்ந்தது. கொஞ்சம் கரிசல் மண், அதற்கடியில் சிவப்பு, அதற்கடியில் மஞ்சள், மறுபடி சிவப்பு, மறுபடி மஞ்சள் என்று மூன்று அடுக்கு. சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது.

சந்தனம். குங்குமம். ஒவ்வொரு தடவை சீல் மாற்றி முடித்ததும், படுத்த வாக்கிலேயே, பார்க்காமல், கைக்குத் தட்டுப்பட்ட மேட்டில், அந்த மொட்டைக் குழாயின் வாய்மேல், அவர் வைத்த பொட்டு.

முகத்தில் உதிர்ந்த பொடியைத் துடைத்தார். பிறகு தனக்குத்தானே சொன்னார்: "அடப்பாவி."

ராத்திரி சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு, மனைவி ஜெயக்கொடியிடம் விஷயத்தைச் சொன்னார். ஜெயக்கொடி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். ஒரு நாளைக்கு இருநூறு பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுப் பழகியவர்.

"ஹோஸ மாட்டிட்டேன்னா ஒழுகல் நின்னுரும். யாருக்கும் தெரியாது. ஆனா நின்னுருச்சுன்னு நாலாவது தடவயா நான் சொன்னா அவன் நம்பமாட்டான். இரும்புக்குப் போட்டுருவான். ஏன் நின்னுச்சுன்னு சொன்னாத்தான் நம்புவான்."

"அப்பச் சொல்லுங்க."

"என்னன்னு? கருப்பக் கொல்லப் பாத்தது என் கட்டவெரலுன்னா?"

ஜெயக்கொடி ரசத்தை ஊற்றினார். "நீங்க சொல்லிருவீக. சொல்லாம ஒங்களுக்குச் சோறு எறங்காது. இப்ப எறங்குற வரைக்கும் தின்னுட்டு எந்திரிங்க, எனக்குப் பாத்திரம் கழுவணும்."

வெள்ளிக்கிழமை காலையில் பழங்காநத்தத்து ஸ்பேர் கடையில் புதுச் சீல், புது பிரேக் கட்டை, ஒரு முழத்துக்குப் பதில் இரண்டு முழம் ஹோஸ் வாங்கிவந்தார். ஹோஸை மேலே ஏற்றி வண்டிச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கினார். பிரேக் டிரம்மைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவினார். போன் போட்டுக் கூப்பிட்டதில் மதியம் வெள்ளைத்துரை வந்தபோது முகம் கழுவி, வேறு சட்டை போட்டு நின்றிருந்தார்.

"என்ன மாமா, பொண்ணு பாக்கவா?"

வசவின் வாசனை லேசாக வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆண்டிச்சாமி எல்லாவற்றையும் சொன்னார். ஹோஸ், எலி, பொட்டு, கட்டைவிரல். சுரண்டி எடுத்த கட்டியை ஒரு பேப்பரில் மடித்து வைத்திருந்தார், அதையும் கொடுத்தார்.

வெள்ளைத்துரை பேப்பரைப் பிரித்துப் பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான்.

"மணமாத்தான் இருக்கு."

"மாப்ள..."

"பேசாத. நாலு மாசமா என் நேரம் சரியில்ல, கண்ணுபட்டுப்போச்சு, குலசாமிக்குச் செய்யலன்னு வீட்டுல தெனம் பஞ்சாயத்து. என் வீட்டுக்காரி முத்துமீனா நேந்துக்கிட்டு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பட்டினி கெடக்குறா. இன்னைக்கும் கெடக்குறா. அம்புட்டுக்கும் நீ வச்ச பொட்டா?"

"ஆமா."

"ஏன்யா சொன்ன? ஹோஸ மாட்டிட்டு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"இருந்தா நீ வித்துருவ."

வெள்ளைத்துரை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பின்சக்கரத்தை ஒரு உதை விட்டான். "நான் நம்புறேன். கருப்புகிட்ட என்னன்னு சொல்லுவேன்? அவன் இனிமே இந்த வண்டிக்குப் பின்னாடி நடப்பானா?" சாவிக்குக் கையை நீட்டினான். "ஏறு."

"எங்க?"

"அதே கரைக்கு."

வலையங்குளம் தாண்டி மண்பாதையில் இறங்கினார்கள். கரையடியில் வண்டியை நிறுத்தியபோது அச்சு நன்றாகச் சூடேறியிருந்தது. ஆண்டிச்சாமி குனிந்து சக்கரத்தின் உட்பக்கம் தடவினார். விரல் காய்ந்தே வந்தது. சொன்னார். வெள்ளைத்துரை தலையாட்டினான்.

"ஏத்துறேன். பாதியில நிப்பாட்டுறேன். நீ பின்னாடி நில்லு."

ஆண்டிச்சாமி கரையைப் பார்த்தார். பனையில் வண்டி முட்டிய காயம் இன்னும் ஈரமாக இருந்தது. "எம்புட்டுத் தூரத்துல நிக்க?"

"கருப்பு நின்ன தூரத்துல."

வண்டி சின்னக் கியரில் உறுமிக்கொண்டு ஏறியது. ஆண்டிச்சாமி பின்னாலேயே நடந்தார். பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். மேட்டில் நாலு எட்டு வைத்ததிலேயே அது தீர்ந்துவிட்டது. முழங்கால் இரண்டும் வலித்தன. பாதியில் என்ஜின் அடங்கியது. வண்டி நின்றது. பிறகு பின்னால் நகர்ந்தது. நாலு விரற்கடை. அவர் நகரவில்லை, நகர முடியுமா என்றும் தெரியவில்லை. டயரின் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தாவது விரற்கடைக்கு வண்டி வரவில்லை.

மேலே இருந்து சத்தம் வந்தது. "மாமா! இருக்கியா?"

"இருக்கேன்டா!"

"நவுந்தியா?"

"நீ மொதல்ல ஹேண்ட் பிரேக்கப் போடுடா நாசமாப் போறவனே!"

அதைச் சொல்லிவிட்டு ஆண்டிச்சாமி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைத்துரை டயருக்குக் கல் வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தான். ஆள் முழுசாக இருப்பதைக் கண்டதும் பக்கத்திலேயே குத்தவைத்துக்கொண்டு இரும்புக்காரருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நாளைக்கு வர வேணாம்ணே... ஆமாண்ணே, குடுக்கல." வைத்துவிட்டு இன்னொரு நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

"கருப்பு, திங்கக்கெழம வேல இருக்குடா. அதே கரையில வண்டிய நிப்பாட்டிப் பாத்துட்டேன். நிக்குது."

"அதான் மூணு தடவ சொன்னீகளே."

"இந்தத் தடவ ஆளப் பின்னாடி நிக்கவச்சுப் பாத்தேன்."

"யாரண்ணே?"

"ஆண்டிச்சாமி மாமாவ."

"அய்யய்யோ. இப்ப எங்கண்ணே அவரு?"

"கீழ விழுந்து கெடக்குறாரு."

"முட்டிருச்சா?"

"இல்லடா. முட்டி வலி."

கருப்பு சிரித்தானா என்று தெரியவில்லை. "அவர்ட்டக் குடுங்கண்ணே" என்றான். ஆண்டிச்சாமி போனைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"தப்பு என்னோடதுப்பா. நேர்ல வந்து சொல்லுறேன்."

"வாங்க. திங்கக்கெழம நான் வாரேன், ஆனா ஒரு மாசத்துக்கு வண்டிக்கு முன்னாடிதான் நடப்பேன்னு அண்ணன்கிட்டச் சொல்லிருங்க."

வெள்ளைத்துரை அவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான். வண்டிப்படி உயரம். ஆண்டிச்சாமி ஒரு காலை வைத்துவிட்டு, அடுத்த காலைக் கூப்பிட, அது வரமாட்டேன் என்றது. வெள்ளைத்துரை பின்னால் வந்து தோளைக் கொடுத்து முட்டித் தள்ளினான்.

"ஏறுய்யா, மோட்டாரத் தூக்குறதவிடக் கனமா இருக்க. போற வழியில முத்துமீனாவுக்கு இட்லி வாங்கணும். வீட்டுக்கு வந்து நீயே அவகிட்டச் சொல்லு, எதுக்குப் பட்டினி கெடந்தான்னு."

"அவ அடிப்பாளா?"

"அடிப்பா," என்று சொல்லிவிட்டு வெள்ளைத்துரை கல்லை எடுக்கப் போனான்.