முதல் ஓலையில் எழுந்து நின்ற ஞானப்பூ

ஞானப்பூ போய்விட்டாள். இன்று விடியற்காலையில்...

நம் மிஷன் லேஸ் அறை ஞானப்பூவேதான். கொட்டாரம் சர்ச் தோட்டத்தில் அடக்கம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

இதை லேஸ் அறைச் சுவரில் ஒட்டப் போகிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். சுசீந்திரத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

டைபாய்டு என்றார் டாக்டர். அவளாவது, காய்ச்சலுக்கெல்லாம் அடங்குவதாவது என்றுதான் நான் இருந்தேன்.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வருகிறது. எங்கள் தர்க்கம் பாதியில் கிடக்கிறது, அதற்குள் எழுந்து போய்விட்டாள் மூதி.

லேஸ் அறையில் பேசக் கூடாது என்பது, பின்னச் சொல்லித்தருகிற மிஸ்ஸியம்மாவின் ரூல். ஞானப்பூவின் காதில் மட்டும் அது கடைசிவரை விழவே இல்லை.

ஒருநாள் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "ஏட்டி ரூத்து, சிநேகம் பெரிசா, கல்யாணம் பெரிசா?"

"கல்யாணம் கழிஞ்சா சிநேகம் தன்னால வரும்" என்றேன். எங்கள் வீட்டில் சொல்வதை அப்படியே சொன்னேன், வேறென்ன.

"தன்னால வரதுக்கு அது என்ன கொசுவா? இஞ்ச பாரு. நீ ஒண்ணு சொல்லுக, நான் இல்லேங்கேன். நீ மறுபடியும் சொல்லுக. ஆரும் ஆரையும் அடிக்கல்ல, பேச்சையும் நிறுத்தல்ல. இதுக்குப் பேருதான் சிநேகம். இத ஒரு ஆம்பிளகிட்ட செய்ய முடிஞ்சா அவனக் கெட்டு. முடியல்லேன்னா வேண்டாம்."

நான் வாயைப் பிளந்து கேட்டதில் நூலை மாற்றிப் பின்னிவிட்டேன். மிஸ்ஸியம்மா முழுவதையும் பிரிக்கச் சொன்னார். ஞானப்பூவும் கூட உட்கார்ந்து பிரித்தாள்... பிரிக்கும்போதும் பேச்சு நிற்கவில்லை.

பிறகு அவளுக்கே கல்யாணம் வந்தது. அந்த ஞாயிறு சர்ச்சில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

நம் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்களே. மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

ஞானப்பூவின் முதல் ஓலை. போதகர் ஐயா வாசித்து முடித்தார். பெண்கள் பாயிலிருந்து கல்யாணப் பெண்ணே எழுந்து நின்றாள்.

"ஐயா, எனக்கு ஒரு ஆட்சேபம் உண்டு. எனக்கு இஷ்டமான்னு என்கிட்ட ஆரும் கேக்கல்ல."

அவள் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆண்கள் பக்கம் ஒரே இரைச்சல். போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் மாட்டினார்.

கடைசியில் மாப்பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். ஸ்கூல் வாத்தியார் சாமுவேல். போதகர் வீட்டு முன்னறையில் எல்லோரும் பார்க்க இருவரும் பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள்...

வெளியே வந்து "எனக்கு சம்மதம்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்.

"ஏட்டி, இதுக்கா இவ்வளவு கூத்து?"

"ஆமாட்டி, இதுக்குத்தான். நான் சொன்னது எல்லாத்துக்கும் அவரு இல்லேன்னாரு. ஆனா நான் சொல்லி முடிக்கது வரைக்கும் காத்து இருந்தாரு."

இன்று அடக்கத்தில் அவள் புருஷன் சாமுவேல் அண்ணன் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். "இனி நான் ஆருகூட தர்க்கம் பண்ணுவேன் ரூத்து?" என்று என்னைக் கேட்டார்.

போன ஞாயிறு என் முதல் ஓலை வாசித்தார்கள். கேட்டிருப்பீர்கள். மாப்பிள்ளை பூதப்பாண்டியில் கம்பவுண்டர். என் அண்ணன் பார்த்து முடித்தது. நான் அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

நான் எழுந்து நிற்கவில்லை.

மறுநாள் ஞானப்பூவைப் பார்க்கப் போனேன். உடம்பு கொதிக்கிறது, உதடு வெடித்திருக்கிறது, ஆனாலும் முதல் கேள்வி அதுதான்.

"அவருகிட்ட பேசினியா?"

"இல்ல. உனக்கு சுகமாகட்டும், ரெண்டு பேருமாப் போவோம்."

"நான் வந்தா நான்தான் பேசுவேன். கெட்டப்போறது நீயாக்கும். நீ போய்ப் பேசு."

அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நினைவு வரவே இல்லை.

அடக்கம் முடிந்து வரும் வழியிலேயே என் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இரண்டாம் ஓலைக்கு முன் நான் பூதப்பாண்டி போய் அந்த மனுஷனிடம் பேச வேண்டும், பேசிப் பார்த்துத்தான் சம்மதமா இல்லையா என்று சொல்வேன் என்று.

"ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"ஞானப்பூவைச் சொன்னததான் சொல்லுவாவ. அவ செத்தா போனா அதுல?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நடுரோட்டில் நின்று வாய்விட்டு அழுதேன். அண்ணன் என்னை ரோட்டோரமாகக் கூட்டிப்போய் நிறுத்தினான்.

பிறகு மெதுவாகக் கேட்டான். "அப்பம், பேசிப் பாத்துட்டு அவன் உன்ன வேண்டாம்னு சொன்னா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. பொய் சொல்வானேன், இப்போதும் அது பயமாகத்தான் இருக்கிறது.

"சொல்லட்டும் அண்ணா" என்றேன். "அவருகிட்டயும் ஆரும் கேட்டிருக்க மாட்டாவ."

நாளைக் காலை முதல் பஸ். தனியாகத்தான் போகிறேன்.

போயிட்டு வாறேன், ஞானப்பூ.