ஆடாத அச்சு

ஊல்ரிகே மைலேக்கு எதிலும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால்தான் மனம் ஆறும். வாசற்கதவுக்கு இரண்டு பூட்டு. வெயில் காய்கிற அன்றும் பையில் குடை. எங்கள் பக்கத்து அடுக்கு வீடுகளில் மாடிப்படி பெருக்குவது வாரத்துக்கு ஒரு குடித்தனம் என்று முறை. அவளோ அடுத்த வீட்டுக்காரி சரியாகப் பெருக்கியிருக்க மாட்டாள் என்று அந்த வீட்டு முறையிலும் துடைப்பத்தோடு இறங்கிவிடுவாள். அந்த அம்மாள் இவளோடு பேச்சை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் ரோபோவுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் அவள் டிசைனர். இரும்புப் பட்டறைகளில் ரோபோ தன் கையால் பழுக்கக் காய்ந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும், மேலிருந்து ராட்சதச் சம்மட்டி இறங்கும். அந்த அடி நேராக ரோபோவின் மணிக்கட்டுக்குப் போனால் மணிக்கட்டு போச்சு. அதனால் இரும்பைப் பிடிக்கும் இடுக்கிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, அடி விழும்போது சற்று ஆடி, விட்டுக்கொடுத்து, பழைய இடத்துக்குத் திரும்பும் அச்சு ஒன்றை வைப்பார்கள். உள்ளே எஃகு ஸ்பிரிங் பட்டைகள் இருக்கும். ஊல்ரிகே வரைந்ததெல்லாம் அந்த அச்சுதான். விட்டுக்கொடுக்கும் பொருளைச் செய்ய விட்டுக்கொடுக்கவே தெரியாதவளை உட்காரவைத்தார்கள், அதை என்ன சொல்ல!

எங்கள் ஊர் டிசைனர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கணக்கெல்லாம் முடிந்த பிறகு பயத்துக்கென்று கொஞ்சம் தடிமனைச் சேர்ப்பார்கள். பஞ்சப்படி, பயணப்படி மாதிரி இது பயப்படி. யாரும் யாரிடமும் சொல்வதில்லை, ஆனால் எல்லோரும் போடுவார்கள். பாலத்துக்கும் கிரேனுக்கும் அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அவளுடைய புதிய அச்சு பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு பட்டறைக்குப் போனது. அங்கே அவள் தம்பி லோதார் வேலை பார்த்தான். ரோபோவுக்கு அருகே நின்று, சம்மட்டி மேலே போகும் நேரத்தில் இரும்புச் செதில்களை ஊதித் தள்ளுவது அவன் வேலை. அவளுக்கு இருந்த ஒரே உறவு அவன்தான். ஞாயிறு மத்தியானம் பயறும் ஷ்பெட்ஸ்லே என்கிற முட்டை நூடுல்ஸும் சாப்பிட அவள் வீட்டுக்கு வருவான்.

அப்படி ஒரு ஞாயிறு, வாயில் சாசேஜை வைத்துக்கொண்டே சொன்னான்.

"ஊலி, உன் சாமான் பிரமாதம். எங்க ஷ்வெங்க் வாயாலயே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு."

ஷ்வெங்க் பட்டறை மேலாளர். எங்கள் ஊரில் யாரும் யாரையும் பாராட்ட மாட்டார்கள். திட்டாமல் விட்டால் அதுவே பாராட்டு. ஊல்ரிகே கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன நல்லா இருக்காம்?"

"ஆடவே மாட்டேங்குது. பழசெல்லாம் குடிகாரன் மாதிரி ஆடும். இது கல்லு மாதிரி நிக்குது. தரைதான் கொஞ்சம் அதிருது, காலுக்கு மசாஜ் மாதிரி."

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். அடி எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்! அச்சில் தங்காத அடி மணிக்கட்டு வழியாக, கை வழியாகத் தரைக்கு இறங்குகிறது. போகிற வழியெல்லாம் எதைத் தின்றுகொண்டு போகிறதோ.

"நாளைக்கு நீ வேலைக்குப் போகாத."

"நீ பாட்டுக்குப் பயந்துக்கிட்டு இரு. குடையையும் எடுத்துக்க," என்று சிரித்துவிட்டுப் போனான்.

மறுநாள் அவளே பட்டறைக்குப் போனாள். லோதார் தன் இடத்தில் நின்றிருந்தான். சம்மட்டி இறங்கியது. அச்சு அசையவில்லை. ரோபோவின் அடிப்பீடத்தில் கையை வைத்தாள், எலும்பு வரை நடுங்கியது.

"நிறுத்துங்க, ஹெர் ஷ்வெங்க்."

"எதுக்கு? ஒண்ணும் உடையலையே, ஃப்ராவ் மைலே. ஆர்டர் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் நேராகப் போய்ச் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டாள். ஷ்வெங்க் வாய்க்கு வந்தபடி திட்டினார். மணிக்கட்டைத் திறந்தபோது திட்டு நின்றது. போல்ட்டுகளில் பாதிக்கு மேல் கழுத்தில் விரிசல். ஒன்று தொட்டவுடன் கையோடு வந்தது. எல்லாம் தெறித்திருந்தால் அந்த இடுக்கி பழுத்த இரும்போடு போய் விழுந்திருக்கக்கூடிய இடத்தில் லோதாரின் காலடித் தடம் இருந்தது.

கம்பெனியில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்தாள். "யாரு எவ்வளவு சேத்தீங்க? மறைக்காம சொல்லுங்க."

கணக்குப் போடும் குனோ மேசையைப் பார்த்தான். "கொஞ்சமாத்தான். எப்பவும் போடுறதுதானே."

பாகங்களைப் பூட்டும் ஹிக்மெத் தலையைச் சொறிந்தான். "ஸ்டாக்ல அடுத்த தடிமன் பட்டைதான் இருந்துச்சு. கெட்டியா இருந்தா நல்லதுதானேன்னு போட்டுட்டேன்."

எல்லோரையும்விட அதிகம் சேர்த்தவள் ஊல்ரிகேதான். பட்டை கொஞ்சம் தடித்தாலே விறைப்பு பல மடங்கு ஏறும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கை தாராளமாகிவிட்டது. தம்பி நிற்கப்போகும் இடம் என்பதாலேயே இன்னும் தாராளமாகிவிட்டது. அவனைக் காப்பாற்றுகிறேன் என்று அவனைக் கொல்லப் பார்த்தோமே என்ற நினைப்பு வந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டாள்.

மறுபடி வரைந்தாள், பயப்படி இல்லாமல். கணக்கு சொன்னதோடு நிறுத்துவது அவளுக்குச் சட்டை போடாமல் தெருவில் நடப்பது போல இருந்தது. மெல்லிய பட்டைகள். ஹிக்மெத் அவற்றை விரலால் வளைத்துப் பார்த்து, "இதுக்குப் பக்கத்துலயா உங்க தம்பி நிக்கப் போறாரு?" என்று கேட்டான். அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் அனுப்பினாள்.

கோடைத் தொடக்கத்தில் அதைப் பூட்டிய அன்று அவளும் அங்கே நின்றாள். அடிக்கு அடி அச்சு ஆடியது, திரும்பியது. கீழே தரை அதிரவில்லை. பட்டறை ஆட்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். "ஃப்ராவ் மைலே, இது ஆடுதே," என்றார் ஷ்வெங்க். "ஆடணும்," என்றாள் அவள். யாரோ பின்னால் சிரித்தார்கள். லோதாரின் முகம் சிவந்ததை அவள் கவனித்தாள், அனல்தான் என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் போன் செய்யும்போதெல்லாம் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான். "ஆடுதா?" அவனும் "ஆடுது, ஆடுது" என்பான். அவள் ஒருமாதிரி தூங்கவும் தொடங்கியிருந்தாள்.

இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை இடத்திலிருந்தே கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் கேக் வாங்கி வரட்டுமா என்று கேட்பதற்கு. பின்னால் சம்மட்டி இறங்கிக்கொண்டிருந்தது.

"வாங்கிட்டு வா. ஆடுதா?"

அவன் சிரித்தான். "இனிமே உன்கிட்ட பொய் சொல்ல முடியாது, ஊலி. ஆடலை."

"என்னது?"

"நீ பூட்டிட்டுப் போன அன்னைக்கே சரி பண்ணிட்டோம். உன் சாமான் ஆடுதுன்னு எல்லாப் பயலுகளும் சிரிச்சானுங்க, எனக்குப் பொறுக்கலை. அச்சு ஆடுற சந்துல ஒரு இரும்புத் தகடு சொருகினேன். சின்னதுதான். ஷ்வெங்க் இப்ப உன்னை வாயாரப் புகழ்றாரு. தடிச்ச போல்ட்டா மாத்திட்டாரு, நீ பயப்படாத."

பூட்டிய அன்றிலிருந்து. கோடை முழுக்க.

"லோதார், இப்ப எங்கடா நிக்கிறே?"

"எங்க நிப்பேன்? பக்கத்துலதான்."

"வெளிய ஓடு! அப்படியே போட்டுட்டு ஓடுடா!"

"என்ன? ஒண்ணும் கேக்கல, ஊலி, அடிக்குது பாரு. இரு, இந்தத் துண்டு முடியட்டும், வந்துடறேன்."

போனை எதன் மேலோ வைத்துவிட்டு அவன் திரும்பிப் போகும் காலடி அவளுக்குக் கேட்டது.