வானத்தில் இடம் பறிபோன பூனை

ஸ்பான்டாவ் நகரில் டீட்ரிஷ் வெண்டல் நடத்திய மதுக்கடைக்குக் ‘கறுப்புப் பூனை’ என்று பெயர். எதிர்வாடையில் குன்ஸ் நடத்தியது ‘பொன் சிங்கம்’.

“என் சிங்கம் வானத்துலயே நட்சத்திரமா நிக்குது. உன் பூனை எங்கய்யா, அடுப்படியிலயா?” என்று குன்ஸ் கேட்காத நாளில்லை.

வெண்டலுக்கு இருபத்தாறு வயதில் யோகம் அடித்தது. பூனைப் பிரியரான ஒரு வானியலாளர், நீர்ப்பாம்பு மண்டலத்துக்குப் பக்கத்தில் இருந்த சில மங்கலான நட்சத்திரங்களைச் சேர்த்துப் பூனை என்று பெயர் வைத்துவிட்டார். பெர்லினில் அச்சான வான்படத்திலும் அது ஏறிவிட்டது. அந்தத் தாளை வாங்கிச் சட்டம் போட்டு, பீர்ப் பீப்பாய்க்கு மேலே மாட்டிய அன்றே வெண்டலின் நடை மாறியது. வசந்தகாலத்தில் இருட்டியதும் வாடிக்கையாளர்களை வாசலுக்கு இழுத்துவந்து தெற்கே கை நீட்டுவார். யார் கண்ணுக்கும் ஒன்றும் தட்டுப்படாது.

“கூப்பிட்ட உடனே வர்றதுக்கு அது என்ன நாயா? பதுங்கியிருக்கும், நல்லா பாரு” என்பார். அவரும் அதைப் பார்த்ததில்லை என்பது மனைவி டெக்லாவுக்கு மட்டும் தெரியும்.

நாற்பது வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் பள்ளி ஆசிரியர் ரோல்ஃப்ஸ் புது வான்படத்தைக் கொண்டுவந்து விரித்தார். சிங்கம் இருந்தது. பூனையைக் காணோம்.

“எடுத்துட்டாங்க, வெண்டல் ஐயா. தேவையில்லையாம்.”

“அப்ப அந்த நட்சத்திரமெல்லாம்?”

“பாதிக்கு மேல நீர்ப்பாம்புக்குப் போயிருச்சு.”

வெண்டல் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சேதி கேட்ட குன்ஸ், தொப்பியில் கறுப்பு நாடா கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

“பாம்பு முழுங்கிருச்சாமே! பாவம், நல்ல பூனை.”

“வானத்துல நிக்கிற உன் சிங்கத்தை ஹெர்குலிஸ் எப்பவோ அடிச்சுக் கொன்னு, தோலை உரிச்சுப் போத்திக்கிட்டான். செத்ததை வச்சுத்தானே இத்தனை நாளும் கடை நடத்துற?”

அன்று மாலை தெருவே துக்கம் விசாரிக்க வந்தது. வெறும் வாயோடு துக்கம் விசாரிக்க முடியுமா? பீர் தீர்ந்தது, உப்பில் ஊறிய மீன் தீர்ந்தது.

“உசிரோட இருந்தப்ப ஒரு ஆளைக் கூட்டிட்டு வரல. போனதும் பாருங்க, உக்கார இடமில்ல” என்றாள் டெக்லா.

மறுவருஷம் திதி கொடுப்பதுபோல ஊரே தேதி குறித்து வந்து குடித்தது. குன்ஸ்தான் எல்லோரையும்விட உரக்க அழுதார். வெண்டலுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. எல்லோரும் போனபின் ரோல்ஃப்ஸைத் தனியே அழைத்து, “படிச்சவங்க நீங்க. அந்தப் படம் போடுறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்” என்றார். பீப்பாய்க்கு மேலே மாட்டிய பழைய வான்படத்தை வெண்டல் கழற்றவே இல்லை.