அறுபத்தொன்றில் குற்றவியல் படிக்கத் திறந்த வாசல்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனுவுக்கு எத்தனை நகல், எந்தத் தேதி, எந்த மேசை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சென்ற ஆண்டு, சபையாரோடு கைதிகளின் குடும்பங்களைச் சந்திக்க, கேரள எல்லையோரத்தில் எங்கள் பக்கத்து ஊரான கொல்லயிலுக்குப் போனபோது, லில்லி என்ற சகோதரி கேட்டாள்: "எனக்க மாப்பிள எதுக்கு சாரே அப்பிடிச் செய்தாரு?"

நான் சட்டப்பிரிவைச் சொன்னேன்.

"அந்த நம்பரு எனக்கும் தெரியும் சாரே" என்றாள்.

வெட்கமாகிவிட்டது. அவளுக்குச் சொல்லப் பதில் இல்லாமல் ஆறுதல் சொல்லப் போய் என்ன பயன்? அறுபத்தொரு வயதில் குற்றவியல் முதுகலை படிக்கத் தீர்மானித்தேன். இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று திருவனந்தபுரத்தில், அஞ்சல்வழி. மற்றது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். சனிக்கிழமை வகுப்பு, சிறைகளுக்கும் நேரில் போக வேண்டும். அங்கே வயது வரம்பு இருக்கும் என்று, விதியைப் படிக்காமலே எனக்கு நானே விதி சொல்லிக்கொண்டேன். சுலபமானதற்கு விண்ணப்பித்துவிட்டு, "ஆண்டவரே, இதை ஆசீர்வதியும்" என்றேன்.

ஒரு வியாழக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது திருவனந்தபுரத்திலிருந்து போன் வந்தது. எடுத்தது என் மனைவி ஸ்டெல்லா, மார்த்தாண்டத்துக்காரி.

"சர்டிபிக்கேட்டு காட்ட இண்ணைக்குப் போலாமாம். பின்ன அவசரம் இல்லியாம்."

அவசரம் இல்லையென்றால் நான் ஏன் ஓட வேண்டும்? திங்கட்கிழமை போனேன். "அன்னே பறஞ்ஞல்லோ சாரே, பின்னெ அவசரம் இல்லெந்நு" என்றார் எழுத்தர். அன்றைக்கே சொன்னோமே, அதன் பிறகு வாய்ப்பில்லை என்று அர்த்தம்; மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. அவர் மலையாளத்தில் சொன்னதை ஸ்டெல்லா அப்படியே சொல்ல, இரண்டு மொழியும் அறிந்த நான் அதைத் தமிழில் கேட்டிருக்கிறேன். தேதி தவறியவர்களிடம் எத்தனையோ வருடம் நான் சொன்ன அதே வாக்கியத்தை அவர் எனக்குச் சொன்னார்: "ஒன்றும் செய்ய முடியாது."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். "கேட்டதையாக்கும் சொன்னேன், எனக்க தப்பு இல்ல" என்றாள் ஸ்டெல்லா வெளியிலிருந்து. முழங்காலில் நின்றேன். இந்த முறை ஜெபம் வேறு: "எங்கே என்று நீரே சொல்லும்."

மூன்றாம் நாள் லில்லி வந்தாள். ஸ்டெல்லா சபையில் ஜெபிக்கச் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். எல்லைக்கு அப்பாலுள்ள அதே கல்லூரியில்தான் அவளுக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை. அது எனக்குத் தெரியாது, நான் கேட்டதுமில்லை. அவள் கையில் விண்ணப்பமும் விதிப் புத்தகமும்.

"நாளைக்காக்கும் சேரக் கடைசி நாள். வயசுக்கு வரம்பு இல்லியாம். உங்க வயசச் சொன்னப்ப ஆபீஸில சிரிச்சாங்க, ஆனா ஃபாரம் தந்தாங்க. எழுதுங்க சாரே!"

மறுநாள் சேர்ந்தேன். யாருக்காகப் படிக்க நினைத்தேனோ அவள் கையிலேயே ஆண்டவர் பதிலைக் கொடுத்தனுப்பினார். அவருக்கு ஸ்தோத்திரம்.

இப்போது இரண்டாம் பருவம். கடந்த மாதம் லில்லியோடு சிறைக்குப் போனேன். அவள் கணவனிடம் நான் எதையும் விளக்கவில்லை. அவன் பேசினான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் இது எனக்கு வராது. திரும்பும் பேருந்தில் லில்லி, "உள்ள போனதுக்குப் பிறகு இண்ணைக்காக்கும் அவரு வாய் திறந்தது" என்றாள்.

பிரியமானவர்களே, நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். நீங்கள் எதிர்பார்க்கும் இடத்திலிருந்து பதில் வராமல் போகலாம். வாசலில் வந்து நிற்பது யாராக இருந்தாலும் உள்ளே கூப்பிட்டு உட்காரவையுங்கள். ஆமென்.