டார்ச் பிடிக்கும் வேலை

என் வீட்டுக்காரர் செய்து கொடுத்த பல்லை மாட்டிக்கொண்டு இந்த ஊரில் எத்தனையோ பேர் வேர்க்கடலை மென்றுகொண்டிருக்கிறார்கள். கடைவீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை, அதில் ஒரு சுழல் நாற்காலி, ஒரு உரசுகிற மெஷின், ஜன்னலோரம் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும் பல் செட்டுகள். எல்லோருக்கும் அவர் பல்லுக்காரர். "கடிச்சுப் பாருங்க, இப்ப எப்படி இருக்கு? எங்கயாவது உறுத்துதா?" என்று வருகிறவர்களிடம் அவ்வளவு பொறுமையாகக் கேட்பார். மயிரிழை உயரமாக இருந்தாலும் கழற்றி வாங்கி உரசிக் கொடுப்பார். அப்பேர்ப்பட்ட மனிதரால் சொந்தக் காரின் பக்கக் கண்ணாடி ஒன்றை நிமிர்ந்து நிற்கவைக்க முடியவில்லை. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கார் என் மாமனாருடையது. எங்களுக்குக் கல்யாணம் ஆனபோதே அது பழசு. உருண்டை விளக்கு, வெளிறிய பச்சை நிறம், சாத்தினால் இரும்பு பீரோ மாதிரி சத்தம் போடும் கதவு. சிக்னலில் நின்றால் பக்கத்துப் பைக்கில் இருக்கிற பையன்கள் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். "கிளாசிக் சார்!" என்பார்கள். இவர் முகம் பூவாக மலர்ந்துவிடும். நடுரோட்டில் நின்றுபோய் நான் இறங்கித் தள்ளும்போது மட்டும் ஒருவரும் படம் பிடிப்பதில்லை.

கண்ணாடி ஓட்டுபவர் பக்கத்துக் கதவில், வளைந்த தண்டின் மேல் வட்டமாக இருக்கும். முதல் வேகத்தடை வரைக்கும் ஒழுங்காக நிற்கும். வண்டி ஒரு குலுக்கு குலுக்கியதும் அப்படியே தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிற தாரைப் பார்க்கத் தொடங்கிவிடும். அதற்கப்புறம் பின்னால் வருவதைப் பார்ப்பது என் பொறுப்பு. "பின்னாடி பாரு" என்பார். பக்கத்து இருக்கையிலிருந்து உடம்பைத் திருப்பிப் பார்த்து, "லாரி வருது", "பைக் வருது, இருங்க", "இப்பப் போங்க" என்று சொல்லிக்கொண்டே வருவேன். கழுத்து வலி என்று டாக்டரிடம் போனால், ஏதாவது பாரம் தூக்குகிறீர்களா என்று கேட்டார். என்னத்தைச் சொல்வது?

மெக்கானிக் தம்பி நல்லவன். "அண்ணே, இந்தத் தண்டையே தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி மாட்டித் தரேன். அக்கா பாவம், கழுத்து ஒடியுது" என்றான். அன்றைக்கு இவர் குதித்த குதி இருக்கிறதே! "ஒரிஜினல் இல்லாத எதுவும் இந்த வண்டியில ஏறாது, தெரிஞ்சுக்கோ" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஏறவே ஏறாது என்றால், பாட்டரி என்ன என் மாமனார் காலத்துப் பாட்டரியா? கேட்டும் பார்த்தேன்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் வீட்டு வாசலில் இவரே வைத்தியம். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றுவார். உள்ளே நட்டபகலிலும் கும்மிருட்டு. அதனால் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது, டார்ச் பிடிப்பது.

"இங்க காட்டுன்னா அங்க காட்டுற."

"நீங்க எங்க பாக்குறீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"என் கண்ணு போற எடத்துக்குக் காட்டு."

"உங்க கண்ணு இருக்கிற எடத்துல உங்க தலைதான் இருக்கு. தலையை எடுங்க."

கோளாறு என்னவென்று டார்ச் பிடித்தே எனக்குப் பாடமாகிவிட்டது. தண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டை வெளியிலிருந்து ஸ்பேனர் போட்டுத் திருகினால், உள்ளே நட்டும் கூடவே சுற்றுகிறது. இரண்டும் சேர்ந்து சுற்றினால் எப்படி இறுகும்? உள்ளே ஒரு கை நட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இவர் கை மணிக்கட்டு வரைக்கும்தான் போகும். ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற கம்பிகள் குறுக்கே நிற்கும். விரல் முட்டியெல்லாம் சிராய்த்துக்கொண்டு வெளியே எடுத்துவிட்டு, செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டி வெளியே வைத்து அழுத்துவார். அடுத்த வேகத்தடையில் கண்ணாடி மறுபடி தலையைக் கவிழ்க்கும். அதற்கும் டார்ச்சை நான் சரியாகப் பிடிக்காததுதான் காரணம்.

இதையெல்லாம் நான் பொறுத்துப் போயிருப்பேன். ஆனால் எனக்கு ஒரு ஆசை வந்தது.

நான் ஆஸ்பத்திரித் துணிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் துணி எல்லாம் சலவையாகி வருவதை எண்ணி, மடித்து, வார்டு வார்டாக அனுப்புவது. தலைமுடி நரைக்கும்வரை மடித்தாயிற்று. மேற்பார்வை பார்த்த அம்மா ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்கு என்னைக் கேட்டார்கள். மேலாளர் கூப்பிட்டு, "காலையில அஞ்சு மணிக்குச் சலவை லாரி வந்துடும். நீங்க நின்னு வாங்கணும். முடியுமா முடியாதான்னு திங்கட்கிழமை சொல்லுங்க" என்றார். முதல் பஸ்ஸே அதற்கப்புறம்தான். இவர் இரவு வெகுநேரம் பல் உரசிவிட்டுப் படுக்கிற ஆள், அந்நேரத்துக்குத் தினமும் எழுப்ப முடியாது. ஆனால் என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. போன வருஷம் டிரைவிங் பள்ளியில் சேர்ந்து, என் பெண் வயசுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து கைப்பையில் சும்மா தூங்குகிறது.

எனக்கு அந்த வேலை வேண்டும். சுற்றி வளைக்க என்ன இருக்கிறது, வேண்டும், அவ்வளவுதான்.

இவரிடம் வண்டியைக் கேட்டேன். "கண்ணாடி முதல்ல நிக்கட்டும். அப்புறம் நீ வண்டியை எடுத்துக்கோ" என்றார். லைசென்ஸ் வாங்கிய அன்றும் இதையேதான் சொன்னார். பல் வைக்கத் தெரிந்தவருக்குக் கண்ணாடி வைக்கத் தெரியவில்லையா, வைக்க மனசில்லையா என்று எனக்குச் சந்தேகம் வந்ததே அப்போதுதான்.

திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு. மதியம் சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல அட்டையைக் கழற்றினார். வழக்கம்போல டார்ச்சை நீட்டினார். கையை விட்டார், சிராய்த்துக்கொண்டார், "நீ வெளிச்சத்தை ஆட்டாம இருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். டார்ச்சை இருக்கையில் எறிந்தேன்.

"தள்ளுங்க."

"ஏய், கையைக் கிழிச்சுக்குவ."

"என் கைதானே. தள்ளுங்கன்னா தள்ளுங்க."

நாள் முழுக்கத் தலையணை உறைக்குள் கையை விட்டு மூலையைப் பிடித்து இழுக்கிற கை இது. கம்பிகளுக்கு நடுவே சுலபமாகப் போயிற்று. இருட்டில் தடவினேன், நட்டு விரலில் அகப்பட்டது. ஒரு சின்ன ஸ்பேனரைக் கேட்டு வாங்கி அதில் மாட்டி அழுத்திப் பிடித்தேன்.

"வெளிய போய்த் திருகுங்க."

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன். திருகுங்க."

சுற்றினார். முதலில் லேசாக, பிறகு முனகிக்கொண்டு, பிறகு ஸ்பேனர் நகரவே இல்லை. கண்ணாடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பாறை மாதிரி நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு நிமிஷ வேலை. எத்தனை ஞாயிறு! இன்னொரு கை வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆகியிருக்கும்.

"இவ்வளவு நாளா பக்கத்துலயே நிக்கிறேன். என்கிட்ட டார்ச்சைத் தவிர வேற ஒண்ணைக் குடுக்கத் தோணலையா உங்களுக்கு?"

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார்.

நான் அப்படியே நகர்ந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைக் கேட்டேன். மறுக்க வழியில்லை, கண்ணாடிதான் நிற்கிறதே. பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். பெரிய சாலை வரை போய்த் திரும்பினோம். வேகத்தடை எல்லாவற்றிலும் கண்ணாடி அசையவில்லை. வழி நெடுக அவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார்.

"லாரி வருது."

"தெரியுது."

"பைக்குக்காரன் ஒருத்தன்..."

"தெரியுதுங்க."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

வீட்டுக் கேட் குறுகல். வண்டியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விட வேண்டும். எப்போதும் நான் இறங்கி நின்று வழி சொல்வேன், இன்றைக்கு அவர் இறங்கினார். போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டுவது போல ஒய்யாரமாக நின்றுகொண்டு, "வா, வா, இன்னும் எடம் இருக்கு, வா" என்றார். கண்ணாடியில் கேட் தூண் பெரிதாகிக்கொண்டே வருவது எனக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. ஆனால் அவர் வா என்கிறாரே! இத்தனை வருஷப் பழக்கம், அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று கால் பிரேக்குக்குப் போகவில்லை.

சடார் என்று ஒரு சத்தம். கண்ணாடிச் சில்லு என் மடியில் வந்து விழுந்தது.

இறங்கிப் பார்த்தேன். நாங்கள் முடுக்கிய தண்டு இம்மியும் அசையவில்லை. அதற்கு மேலே கழுத்து திருகி, வட்டம் மட்டும் வெறும் தகரக் கிண்ணமாகத் தொங்கியது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன்.

"இப்ப நிம்மதியா? நாளைக்குப் போய் முடியாதுன்னு சொல்லிடறேன். காலம் பூரா உங்க பக்கத்துல உக்காந்து லாரி வருது, லாரி வருதுன்னு சொல்லிட்டிருக்கேன். அதானே வேணும் உங்களுக்கு?"

கடைக்குப் போய்வர வைத்திருக்கும், எனக்கு ஓட்ட வராத ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் வந்தால் கம்பி நீட்டுவது அவர் வழக்கம். நான் சில்லுகளைப் பெருக்கினேன். பெருக்க வேண்டியதும் நான்தானே.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தார். கையில் கடைப் பை. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காரின் மேல் வைத்தார். ஈறு செய்கிற ரோஸ் நிறப் பவுடர், அதைக் குழைக்கிற, மூக்கைத் துளைக்கும் திரவம், கலக்கும் கிண்ணம். கடைசியாக, புதுப் பல் மாட்டியவர்கள் முகம் பார்க்க அவர் கையில் கொடுக்கிற வட்டக் கண்ணாடி. அதன் கைப்பிடியை வெட்டி, ஓரத்தை மெஷினில் உரசி, தகரக் கிண்ணத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி கொண்டுவந்திருந்தார்.

"ஒரிஜினல் இல்லையே" என்றேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

"உள்ள போய் உக்காரு."

இருட்டத் தொடங்கியிருந்தது. டார்ச்சை எடுத்தேன். என் கையிலிருந்து வாங்கித் தன் வாயில் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டார். தகரக் கிண்ணத்திலும் திருகிய கழுத்திலும் குழைத்த ரோஸ் நிற மாவை அப்பிக் கண்ணாடியைப் பதித்தார். இரண்டு விரலால் மெதுவாக அதைச் சாய்த்துக்கொண்டே, வாயில் டார்ச்சோடு ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. டார்ச்சை எடுத்துவிட்டு மறுபடி கேட்டார்.

"இப்ப எப்படி இருக்கு? பின்னாடி நல்லாத் தெரியுதா?"

கடையில் கேட்கிற குரல். வீட்டில் ஒருநாளும் கேட்காத குரல்.

"கொஞ்சம் கீழ."

இறக்கினார். "இப்ப?"

தெரு முழுக்கத் தெரிந்தது. முனையில் திரும்புகிற சைக்கிள்கூடத் தெரிந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இவர் என்னைவிட ஒரு தலை உயரம். இந்த மாவு இறுகிவிட்டால் சுத்தியலால் அடித்தாலும் அசையாது.

"ஏங்க, இப்படியே இறுகிட்டா நீங்க ஓட்டுறப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வெறும் ரோடுதான் தெரியும்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார். விரலை எடுக்கவில்லை. "அஞ்சு மணிக்கு அங்க நிக்கணும்னா நாலரைக்காவது கிளம்பணும். வழியில வண்டி நின்னுச்சுன்னா யார் தள்ளுறது? நானும் பக்கத்துல உக்காந்து வரேன், அங்க வந்து வண்டியிலயே தூங்கிக்கிறேன். நீ இப்பத் தலையை ஆட்டாம உக்காரு, இறுகற நேரம்."

தலையை ஆட்டாமல் அழுவது லேசான காரியமில்லை. அது இறுகும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.