நல்ல தண்ணீர் ஊற்றிய கார்

காலை ஆறு பத்து. இரவு காருக்கு அடியில் விரித்து வைத்திருந்த செய்தித்தாளில் ஓர் ஈர வட்டம் தெரிந்தது. இட்லி அளவு இருக்கும். தாளின் வலது ஓரத்தில், பஞ்சு விலை பற்றிய செய்தியின் மேல் விழுந்திருந்தது. முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தேன். அதற்கு நேர் மேலே, என்ஜினில் பெல்ட் ஓடும் பக்கம். ரேடியேட்டருக்குக் கீழே தாள் உலர்ந்துதான் கிடந்தது. முன்சக்கரங்கள் நின்ற இடத்தைத் தாளில் பேனாவால் குறித்து, மடித்து எடுத்துக்கொண்டேன்.

முந்தின நாள் புதன்கிழமை மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் திரும்பும்போது, வெப்பம் காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. பானட் இடுக்கில் ஆவி வந்தது. ஒரு நூற்பாலையின் மதில் ஓரம் நிறுத்தினேன். கிருஷ்ணன்கோவிலிலிருந்து வந்த கல்லூரிப் பேருந்து ஒன்று கடந்து போனது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சூடு தணிந்ததும் கையிலிருந்த குடிதண்ணீர் பாட்டில்களை ரேடியேட்டரில் ஊற்றி, மெதுவாக ஓட்டி வீடு சேர்ந்தேன்.

என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் தங்கை வீட்டில் இருந்தாள். பக்கவாதம் வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் பாதி வேலை செய்தன. பேச்சு இன்னும் திரும்பவில்லை. உடற்பயிற்சி சிகிச்சை தரும் இடம் தங்கை வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்ததால், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே போய்விட்டாள். இனி வீட்டுக்கு அழைத்துப் போகலாம், வாரம் மூன்று நாள் சிகிச்சைக்குக் கொண்டுவந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டோவில் அவளால் ஏற முடியாது. எங்கள் காரின் முன் இருக்கை தாழ்வானது. அதில் உட்கார்ந்து பழகியவள். வழியில் கார் நின்றுபோனதை நான்தான் தங்கையிடம் போனில் சொன்னேன்.

“இந்த வண்டிய நம்பி எப்படித்தான் அனுப்ப?” என்றாள். “நடுரோட்டுல நின்னா அவ இறங்கி நடப்பாளா? மொதல்ல அதச் சரி பண்ணுங்க அத்தான். பொறவு பாப்போம்.”

மனைவி வீடு திரும்பத் தடையாக நிற்பது அந்தக் கார் மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

தென்காசி சாலையில் என் வழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார். என்ஜினப் பிரிக்கணும்.”

மடித்த தாளை விரித்துக் காட்டினேன். சக்கரக் குறிகளையும் ஈரம் காய்ந்த வட்டத்தையும் பார்த்தவர், பக்கத்து டயர் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

“ஏலே, இங்க வா. சார் வண்டிக்குப் பேப்பர் போட்டிருக்காரு. அது ஒண்ணுக்குப் போன எடத்துல கோடு போட்டுக் கொண்டாந்திருக்காரு.”

“நீ என்னைக்காச்சும் இப்படிப் பாத்து வேல செஞ்சிருக்கியா?” என்றார் டயர் கடைக்காரர்.

“போலே. உன் பஞ்சரு எல்லாம் மறுநாளே திரும்பி வருது. நீ பேசுத.”

பிறகு ரேடியேட்டரின் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தார். பம்பிலிருந்த முள் ஏறி, மெதுவாக இறங்கியது. எங்கோ கசிகிறது என்று அர்த்தம். டார்ச்சை வாங்கிக்கொண்டு நானும் குனிந்தேன். தாளில் வட்டம் விழுந்த இடத்துக்கு மேலே, வாட்டர் பம்பின் அடியில் இருந்த சிறிய துளையில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழுந்தது. அடுத்தது திரண்டது. துளையிலிருந்து கீழ்நோக்கித் துருநிறத்தில் ஒரு தடம் இறங்கியிருந்தது.

“கேஸ்கெட் இல்ல. பம்புதான்” என்றார், தீர்ப்பை மாற்றியதற்கு எந்தக் கூச்சமும் இல்லாமல். தடத்தை நகத்தால் சுரண்டினார். “இது இந்த மாசத்து லீக் இல்ல சார். ஒரு வருசமாச்சும் இருக்கும். அப்பப்ப தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தீயளோ?”

“நான் ஊத்தலையே.”

“வாரத்துக்கு ஒரு செம்பாவது ஊத்தாம இம்புட்டு நாள் ஓடியிருக்காது. அதுலயும் உப்புத்தண்ணி ஊத்தல. ஊத்தியிருந்தா உள்ள வெள்ளையாப் பொரிஞ்சி அடைச்சிருக்கும். நல்ல தண்ணிதான் ஊத்தியிருக்கு.”

எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் எந்நேரமும் வரும். நகராட்சியின் நல்ல தண்ணீர் சில நாளைக்கு ஒருமுறைதான் வரும். அதை மனைவி டிரம்மில் பிடித்து மூடி வைப்பாள். முகம் மழிக்க நான் அதில் ஒரு குவளை எடுத்தால் சமையலறையிலிருந்து குரல் வரும். அவள் போன பிறகு அந்த டிரம் ஒருமுறைகூடக் காலியாகவில்லை.

பழைய மாடல் என்பதால் பம்பு மதுரையிலிருந்து வர வேண்டியிருந்தது. இரண்டு நாள் கார் இல்லை. அந்த இரண்டு நாளும் ஒரு வேளை மட்டும் சமைத்தேன். மின்விசிறி சத்தம் தொந்தரவாக இருந்ததால் நிறுத்தினேன். நிறுத்தியதும் இன்னும் மோசமாக இருந்தது. போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை புதுப் பம்பு, பச்சை நிறக் கூலண்ட். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை முள் பாதியைத் தாண்டவில்லை.

மனைவி முன்னறையில் நாற்காலியில் இருந்தாள். “வாட்டர் பம்பு. ஒரு வருசமா ஒழுகியிருக்கு. யாரோ நல்ல தண்ணி ஊத்தியிருக்காங்க” என்றேன்.

அவள் இடது கையைத் தூக்கி, செம்பைச் சாய்ப்பதுபோல் சாய்த்தாள். வாயின் ஒரு பக்கம் சிரித்தது.

“எனக்குத் தெரியும்” என்றாள் தங்கை. “அடுத்த செலவு வந்தா வண்டிய வித்துருவேன்னு சொன்னியளாம்ல? அதான் நீங்க எந்திரிக்க முன்ன, செடிக்கு ஊத்தையில அதுக்கும் ஊத்திருவா. ஞாயித்துக்கெழம கோயிலுக்கு இங்க வர வண்டி வேணும்லா அவளுக்கு?”

நானும் அவளும் ஞாயிறு தோறும் அந்த ஊர் தேவாலயத்தில் ஆராதனைக்குப் போய், தங்கை வீட்டில் சாப்பிட்டுத் திரும்புவது வழக்கம்.

“வண்டி சரியாயிட்டு. போவோமா?” என்றேன்.

மனைவி வாசலில் நின்ற காரைச் சற்று நேரம் பார்த்தாள். வலது காலைக் காட்டினாள். குளியலறைக் கதவைக் காட்டினாள். என்னைக் காட்டி, ஒரு விரலை நிமிர்த்தினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

தங்கை அவள் தோளில் கைவைத்தாள். “ராத்திரி எந்திரிக்கணும்னா ரெண்டு பேரு தூக்கணும் அத்தான். நீங்க ஒத்த ஆளு. அதச் சொல்லுதா.”

“நான் பார்த்துக்கிடுவேன்” என்றேன். மனைவி மறுபடி தலையை ஆட்டினாள், இந்த முறை மெதுவாக. பிறகு வெளியே இருட்டுவதைக் காட்டி, புறப்படச் சொல்லிக் கையசைத்தாள்.

அவளுக்காக முன் இருக்கையைச் சாய்த்து, தலையணை வைத்திருந்தேன். அதை நிமிர்த்தாமலே ஓட்டி வந்தேன். வீடு வந்ததும், காருக்கு அடியில் அன்றைய தாளை விரித்தேன்.

காலையில் எடுத்துப் பார்த்தேன். தாள் உலர்ந்திருந்தது.